கேளுங்க சொல்றோம்: கருப்பு பனியன்ல வெள்ளைக் கோடு

அனுப்பர்பாளையத்துல இருந்து ஒரு வாசகர்: பிரிண்டிங் யூனிட்ல வேலை பாக்கறனுங்க. கருப்பு டீ-சர்ட்ல மலை மலையா வெள்ளைக் கோடு போட்ட டிசைன் வருசா வருசம் எவனாவது ஒரு பையர் அனுப்பிடறான். பேரு, எழுத்து ஒண்ணுமே இல்ல. எங்க சூப்பர்வைசர் பூகம்ப கிராஃப்ங்கறாரு, செக்கிங்ல இருக்கற அக்கா ஈசிஜிங்கறாங்க. எது கரெக்ட்டுங்க?

ரெண்டும் இல்லீங்க, அது நட்சத்திரம். 1967ல கேம்பிரிட்ஜ்ல ஜோஸ்லின் பெல்னு படிச்சிட்டிருந்த பொண்ணு ரேடியோ டெலஸ்கோப் சார்ட்ல ஒண்ணேகால் செகண்டுக்கும் கொஞ்சம் கூட ஒருக்கா துடிக்கற சிக்னல் ஒண்ணைப் புடிச்சாங்க, பல்சார்னா வேகமாச் சுத்திக்கிட்டே துடிப்புத் துடிப்பா ரேடியோ அலை விடற நட்சத்திரம், கண்டுபுடிச்சதுல அதுதான் மொதல். அந்தத் துடிப்புகளை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி 1970ல ஹெரால்ட் கிராஃப்ட்ங்கற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் தன் தீசிஸ்ல போட்டாரு. அது ஒரு வானவியல் என்சைக்ளோபீடியாவுல ஏறி, அங்கிருந்து ஜாய் டிவிஷன்ங்கற மான்செஸ்டர் பேண்டு கண்ணுல பட்டுச்சு. அவங்க 1979 ஜூன்ல விட்ட மொத ஆல்பம் 'அன்னோன் பிளெஷர்ஸ்' அட்டைதான் உங்க பையர் அனுப்பற ஆர்ட் ஒர்க். புக்குல வெள்ளைல கருப்புக் கோடு, டிசைனர் பீட்டர் சாவில் அதைத் திருப்பிப் போட்டு கருப்புல வெள்ளையாக்கிட்டாரு. முன்பக்கம் பேண்டு பேரும் இல்ல, ஆல்பம் பேரும் இல்ல.

நானும் இந்த டிசைனை அடிச்சவன்தானுங்க, பேரு வேண்டாம், ஒரு சின்ன யூனிட்ல. கருப்புத் துணில வெள்ளை எடுக்கணும்னா ஒரு தடவை இங்க் அடிச்சா நிக்காது, ஒருக்கா அடிச்சு ஃபிளாஷ்ங்கற ஹீட்டர்ல காய வெச்சு மேல இன்னொருக்கா அடிக்கோணும், அதுக்குள்ள பீஸ் மயிரிழை நகந்துட்டா கோடு ரெட்டையாத் தெரியும். அந்த நைட் ஷிஃப்ட்ல கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இங்க் பரவி மலையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, ஒரு கட்டே ரிஜெக்ட், திருப்பூர் காதர்பேட்டை மார்க்கெட்ல செகண்ட்ஸா, கழிச்ச சரக்கா போச்சு. அப்பல்லாம் பேண்டு பேரு கூட எனக்குத் தெரியாது!

கோபியில இருந்து ஒரு அம்மா: என் பையன் எந்நேரமும் இன்டி ராக் இன்டி ராக்னு ஹெட்ஃபோனோட திரியறான். இன்டிபென்டன்ட்னா என்ன, அப்பன் ஆத்தா பேச்சைக் கேக்காம இருக்கறதா?

அதுவும் கொஞ்சம் இருக்கும் போலிருக்குங்க. ஆனா பேரு வந்த காரணம் வேற, பெரிய ரெக்கார்ட் கம்பெனி கைல மாட்டாம சின்னக் கம்பெனில பாட்டு விடறதுதான் இன்டிபென்டன்ட். பையர் லேபிள் குத்தி ஜாப் ஒர்க் பண்றதுக்கும், நாலு மெஷின் போட்டாலும் சொந்த லேபிள் குத்தி விக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கோங்க. முன்னதுல பேமெண்ட் வரும், ஆனா பனியன்ல உங்க பேரு இருக்காது.

மேல சொன்ன ஜாய் டிவிஷனையே எடுத்துக்குவோம். 1976 ஜூன்ல மான்செஸ்டர்ல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் ராக் பேண்டோட கச்சேரி ஒண்ணு, கூட்டம் ரொம்பக் கம்மி. அதைப் பாத்துட்டு வந்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் நாமளும் வாசிக்கலாம்டானு ஆரம்பிச்சாங்க, ஹூக் அவங்க அம்மாகிட்ட 35 பவுண்டு கடன் வாங்கி பேஸ் கிடார் வாங்குனாருனு சொல்லுவாங்க. பாடுனது இயன் கர்ட்டிஸ், பகல்ல வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வேலை. டிரம்ஸ் ஸ்டீபன் மோரிஸ்.

டோனி வில்சன்னு டிவில வர்றவரு ஒருத்தரு, அவரும் கூட்டாளிகளும் நடத்துன சின்ன ரெக்கார்ட் கம்பெனி ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ், ஜாய் டிவிஷன் ஆல்பத்தை விட்டது அவங்கதான். கண்டிஷன் என்னன்னா செலவு போக லாபத்துல பாதிப்பாதி, பாட்டு பேண்டுக்கே சொந்தம், எப்ப வேணா வெளிய போலாம். வில்சன் இதை ரத்தத்துல எழுதுனாருனு ஒரு கதை உண்டு. கணக்கு வழக்கு தெரிஞ்ச எந்தக் கவுண்டரும் இப்படி எழுதிக் குடுக்க மாட்டாரு. டிசைனும் சாவில்கிட்டத்தான், மொத போஸ்டர் நிகழ்ச்சிக்கு ரொம்ப லேட்டாத்தான் வந்து சேந்துச்சு, நம்மூர்ல அப்படி ஷிப்மென்ட் லேட் பண்ணா டிஸ்கவுண்ட் கேட்டே கொன்னுடுவாங்க. அவங்களோ அந்தப் போஸ்டருக்கும் ஒண்ணாம் நம்பர் போட்டுக் கேட்டலாக்ல சேத்துக்கிட்டாங்க.

கர்ட்டிஸுக்கு வலிப்பு நோயி, மேடையிலயே வந்துடும், மனசும் சரியில்ல. மொத அமெரிக்க டூர் கெளம்பறதுக்கு மொத நாள், 1980 மே 18, தற்கொலை பண்ணிக்கிட்டாரு. வயசு 23. 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டு அதுக்கப்புறம்தான் வெளிவந்து பிரிட்டன் ஹிட் பாட்டு வரிசைல 13வது எடத்துக்கு ஏறுச்சு.

மிச்சம் மூணு பேரும் பழைய பேரை விட்டுட்டு நியூ ஆர்டர் ஆனாங்க, கில்லியன் கில்பர்ட் கீபோர்டுக்கு வந்தாங்க. 1983ல 'புளூ மண்டே', பிரிட்டன்ல அதிகமா வித்த 12 இஞ்ச் சிங்கிள் (ஆல்பமா இல்லாம ஒரு பாட்டுக்குன்னு விடற பெரிய ரெக்கார்டு) அதுதான், ஆனா ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி ஓட்டை வெட்டுன அட்டைக்கே காசு போயி ஒவ்வொரு பீஸுக்கும் கைநட்டம்னு சொல்லுவாங்க, எத்தனை பென்னினு ஆளாளுக்கு ஒரு கணக்கு. காஸ்டிங் போடாம ஆர்டர் எடுத்தா இதுதானுங்க. மிச்ச சம்பாத்தியம் 1982ல தொறந்த ஹாசியெண்டாங்கற டான்ஸ் கிளப்புல எறங்குச்சு. பின்னாடி அங்க கூட்டம் பிதுங்குச்சு, ஆனா வந்தவங்க போதை மாத்திரையப் போட்டுட்டு தண்ணி பாட்டில் வாங்குனா பார்ல எப்படி யாவாரம் ஆகும்? 1992ல ஃபேக்டரி திவால். வாங்க வந்த பெரிய கம்பெனி பேப்பரைப் புரட்டுனா, பாட்டு எதுவும் ஃபேக்டரிக்குச் சொந்தமில்ல, எல்லாம் பேண்டோடது. அந்தக் கிறுக்குத்தனமான அக்ரிமெண்ட்தான் கடைசில நியூ ஆர்டரைக் காப்பாத்துச்சு.

பையன் டீ-சர்ட் கேட்டா வாங்கிக் குடுங்கம்மா. படிப்பு என்னாச்சுன்னும் கேளுங்க.

கோயமுத்தூர், பீளமேட்டு வாசகர்: நம்மூரை மான்செஸ்டர்ங்கறோம். அங்க இப்ப மில்லு ஓடுதா? பேண்டு ஓடுதா?

பழைய பஞ்சு மில்லு பலதும் ஃபிளாட்டும் ஆபீஸும் ஆயிடுச்சு, இங்கயும் அந்தக் கதைதானே. ஹாசியெண்டாவும் 1997ல மூடி இப்ப அந்த எடத்துல அபார்ட்மெண்ட், பேரு மட்டும் அதே பேரு. ஹூக் 2007ல பிரிஞ்சு தனியா அதே பழைய பாட்டை வாசிக்கறாரு, மத்தவங்க நியூ ஆர்டர்ங்கற பேர்ல நடத்தறாங்க. பாகம் பிரிச்ச பங்காளிங்க மாதிரி கோர்ட் வரைக்கும் போயி வந்தாச்சு.

பல்லடத்துல இருந்து: அதே கோடு டீ-சர்ட் வாங்கி நாலு வாஷ்ல வெடிச்சு உரியுது. என்னங்க பண்றது?

பிளாஸ்டிசால்ங்கற பிளாஸ்டிக் இங்க்னா 160 டிகிரிக்கு சூடு ஏறி கியூர் ஆகி இறுகோணும், அவசரத்துல டிரையர் பெல்ட்டை வேகமா ஓட்டிட்டா இப்படித்தான். உரிஞ்சதை ஒட்ட முடியாதுங்க. அடுத்தது வாங்கறப்ப கடையிலயே பிரிண்டை ரெண்டு கையில மெதுவா இழுத்துப் பாருங்க, விரிசல் விட்டா கீழ வெச்சிருங்க. துவைக்கறப்ப உள்பக்கம் திருப்பிப் போடுங்க, பிரிண்ட் மேல அயர்ன் வெச்சிராதீங்க, நட்சத்திரம் பெட்டியோட வந்துரும்.