ஆட்டத்துக்கு மதிப்பெண், ஆளுக்கு வாக்கு

கேள்வி: லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பிரபலங்கள் தொழில்முறைக் கலைஞர்களுடன் ஜோடி சேர்ந்து ஆடும் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நிகழ்ச்சியை பிபிசியில் வாராவாரம் பார்த்தேன். சனிக்கிழமை நடுவர்களிடம் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை தப்பித்துவிடுகிறார். நன்றாக ஆடியவர் வெளியேறுகிறார். இதில் தில்லுமுல்லு ஏதேனும் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தில்லுமுல்லு இல்லை அம்மா, விதியே அப்படித்தான். நான்கு நடுவர்கள் தலா 10 வீதம் 40க்கு அளிக்கும் மதிப்பெண்கள் அப்படியே கணக்கில் சேர்வதில்லை. அவை முதலில் தரவரிசையாக மாற்றப்படுகின்றன. பத்து ஜோடிகள் ஆடினால் முதலிடத்துக்கு 10 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி. நேயர்களின் வாக்குகளுக்கும் இதே முறைதான். நடுவர்களிடம் கடைசியாகவும் வாக்கில் முதலாகவும் வந்தவருக்கு 11 புள்ளி. நடுவர்களிடம் முதலாகவும் வாக்கில் கடைசியாகவும் வந்தவருக்கும் அதே 11. புள்ளிகள் சமமானால் வாக்குக்கே முன்னுரிமை என்பதால், தாங்கள் கண்ட விந்தை நிகழ்கிறது. கடைசி இரு இடங்களில் நிற்பவர்கள் மீண்டும் ஆடும்போதுதான் நடுவர்களின் சொல் செல்லும். இறுதிச்சுற்றிலோ வாக்கு மட்டுமே வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது.

2008ஆம் ஆண்டுத் தொடர் இதற்கு நல்ல உதாரணம். அரசியல் செய்தியாளர் ஜான் சார்ஜன்ட் தம் ஜோடியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஆடிய ‘பாசோ டோப்ளே’ என்ற ஸ்பானிய பாணி நடனத்தைக் கண்டு நடுவர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும், மக்கள் அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தார்கள். தாம் வென்றுவிடும் அபாயம் இருக்கிறது என்று கூறி, அந்த நவம்பரில் அவரே விலகிக்கொண்டார். அவருடைய நேர்மையைவிட நகைச்சுவை உணர்வே எனக்குப் பிடித்தது.

அதே தொடரின் அரையிறுதியில் கணக்கு வேறு விதமாகச் சிக்கியது. மீதமிருந்த மூன்று ஜோடிகளில் இரண்டு நடுவர்களிடம் சமமான மதிப்பெண் பெற்று, தலா 3 புள்ளியை எடுத்துக்கொண்டதால், மூன்றாவதாக வந்த நடிகர் டாம் சேம்பர்ஸுக்கு 1 புள்ளியே கிடைத்தது; நாடே திரண்டு வாக்களித்தாலும் அவரைக் கடைசி இரண்டு இடங்களிலிருந்து மீட்க முடியாது என்பது நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதுதான் தெரியவந்தது. வேறு வழியின்றி மூவரையும் இறுதிக்கு அனுப்பினார்கள். பட்டத்தை வென்றவர் யார் தெரியுமா? அதே சேம்பர்ஸ்தான்!

இந்த நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவமான ‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’ 2018இல் இதைவிடப் பெரிய சங்கடத்தைச் சந்தித்தது. நடுவர்களிடம் குறைந்த மதிப்பெண்களையே பெற்றுவந்த வானொலித் தொகுப்பாளர் பாபி போன்ஸ், நேயர்களின் பலத்தால் கோப்பையையே தட்டிச் சென்றார். அடுத்த ஆண்டே, கடைசி இருவரில் ஒருவரைக் காப்பாற்றும் அதிகாரம் நடுவர்களுக்கு வழங்கப்பட்டது.

கேள்வி: ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்ற பெயரே விசித்திரமாக இருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?
– வாசகர், சேலம்

பதில்: பொருள் தேடாதீர்கள், அது ஓர் ஒட்டுப்பெயர். 1998இல் முடிவடைந்த பிபிசியின் பழைய நடனப் போட்டி நிகழ்ச்சியான ‘கம் டான்சிங்’, 1992இல் வெளிவந்த ஆஸ்திரேலியத் திரைப்படமான ‘ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்’ ஆகிய இரண்டின் பெயர்களையும் 2004இல் ஒன்றாகப் பிணைத்துவிட்டார்கள்.