பட்டறைப் பக்கம்: டென்ட் டிரெய்லரும் இருபது கொண்டை ஊசியும்

(சேலம் கொண்டலாம்பட்டியில் லாரி பாடி பட்டறை நடத்தி, இப்போது மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: ஐயா, ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் நாங்கள் வாங்கிய காபித் தோட்டத்து ஷெட்டில் ஒரு பழைய டென்ட் டிரெய்லர் கிடக்கிறது. மூடியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும், மேலே கூடாரத் துணி. முந்தைய முதலாளி விட்டுப் போனது. இப்போது அதில் கோழி முட்டையிடுகிறது. சரிசெய்து பிள்ளைகளோடு முகாம் போக ஆசை. மெத்தைக்கும் திரைக்கும் துணி எடுத்துவிட்டேன். அடுத்து என்ன செய்யட்டும்?
— வாசகி, அஸ்தம்பட்டி

ப: துணியை பீரோவில் வையுங்கள் அம்மா. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

டென்ட் டிரெய்லர் என்றால் கீழே ஒரு இழுவை வண்டி, மேலே ஒரு கூடாரம். கூடாரம் மோசமாக இருந்தால் ஒரு ராத்திரி நனைவீர்கள், அவ்வளவுதான். வண்டி மோசமாக இருந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் வரைக்கும் அது போகும். அதனால் காசு முதலில் கீழே போகட்டும்.

சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. வராவிட்டாலும் கழற்றத்தான் வேண்டும். பல வருடம் நின்ற வண்டியில் கிரீஸ் காய்ந்து சோப்புக்கட்டி ஆகியிருக்கும், மழைக்காலத்து ஈரம் வேறு உள்ளே புகுந்திருக்கும். டீசலில் கழுவி, உருளைகளை வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்திருந்தாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ புதுசு வாங்குங்கள். ஆயில் சீல் எப்படி இருந்தாலும் புதுசுதான். புது கிரீஸை உருளைகளுக்கு நடுவே புகும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். மேலே தடவிவிட்டு மூடுகிற மெக்கானிக்கைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் லேசாகச் சுழல்கிற இடத்தில், நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னைப் புதுசாகப் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

அடுத்தது டயர். ஷெட்டில் நின்ற டயருக்குப் பட்டன் தேயாது, பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறதா? அது 2000-க்கு முந்தைய டயர், ஊஞ்சல் கட்டலாம். ஆறேழு வருடம் தாண்டிய ரப்பர் உள்ளேயே வெடிப்பு விடும். மலை இறக்கத்தின் சூட்டில் அது தெரியவரும்.

அப்புறம் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்றால் நல்ல இரும்பு, ‘சொத்’ என்றால் துரு தின்றுவிட்டது. ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா, யூ போல்ட் இறுக்கமா என்று பாருங்கள். மூடியைத் தூக்கும் கம்பிக் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு கட்டை முட்டுக் கொடுக்காமல் அதன் கீழே யாரும் தலையை நீட்டக் கூடாது, பிள்ளைகள் முக்கியமாக.

இவ்வளவும் முடிந்த பிறகு பீரோவைத் திறங்கள்.

கே: என் டிரெய்லரின் கூடாரத் துணி பூஞ்சை பிடித்து, தையல் விட்டிருக்கிறது. லாரி படுதா தைப்பவரைக் கேட்டேன். துணியே வேண்டாம், ரெக்சின் போட்டால் சொட்டுக்கூட ஒழுகாது என்கிறார். போடலாமா?
— வாசகர், சங்ககிரி

ப: உங்கள் ஊர் படுதாக்காரர் தொழில் தெரிந்தவர். ஆனால் அவர் படுதாவுக்குள் இதுவரை படுத்தது சிமென்ட் மூட்டையும் மஞ்சள் மூட்டையும். மூட்டை மூச்சு விடாது. நான்கு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு, வெளியே ஏற்காட்டுக் குளிர், நடுவில் காற்றுப் போகாத ரெக்சின். விடிவதற்குள் உள்ளேயே மழை பெய்யும். ஒழுகுகிறது என்று அவரிடம் சண்டைக்குப் போவீர்கள், அவரும் பாவம் ஒரு ஓட்டையும் இல்லை என்று சத்தியம் செய்வார்.

சுவருக்குக் கெட்டிப் பருத்தி கேன்வாஸ்தான் சரி. நனைந்தால் நூல் உப்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புதிதாகத் தைத்த துணியை முகாமுக்கு முன்னால் மாடியில் கட்டி ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும் என்பது. ஊசி போன ஓட்டைகளும் அதில் பெருமளவு மூடிவிடும். மிச்சமிருக்கிற தையலில் தேன்மெழுகைத் தேய்த்தால் போதும்.

பழைய துணியைத் தூக்கி எறிவதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கிழியாவிட்டால் பிழைக்கும். மென்மையான பிரஷ், மிதமான சோப்பு, தண்ணீர் கலந்த வினிகர். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், கறையோடு நூலின் பலத்தையும் கொண்டுபோய்விடும். ஜிப் திக்கினால் மெழுகுவர்த்தியைத் தேய்க்கலாம். பல் நன்றாக இருந்து மூட மறுத்தால் கெட்டது ஓடுகிற துண்டுதான், அதை மட்டும் மாற்றினால் செலவு மிச்சம்.

ரெக்சினை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், தரைக்கு.

கே: டிரெய்லருக்கு என்ன கலர் அடிக்கலாம்? ராசி பார்க்க வேண்டுமா?
— வாசகர், தாதகாப்பட்டி

ப: பனியில் தெரிகிற கலர். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டினால் எல்லா ராசிக்கும் பொருந்தும்.

கே: காரின் பின்னால்தானே வருகிறது, டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு எதற்கு என்கிறார் நண்பர். சரியா?
— வாசகர், ஓமலூர்

ப: இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 61-வது பிரிவு பதிவு விதிகள் டிரெய்லருக்கும் பொருந்தும் என்கிறது. டிரெய்லரின் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கிற வண்டியின் எண் டிரெய்லரில் தெரிய வேண்டும். பழைய காகிதம் இல்லாத டிரெய்லரை வாங்குவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கிவிட்டுக் கேட்டால் அதுதான் கோழிக்கூடு ஆகும்.

கே: டிரெய்லர் தயார். சாமானோடு 450 கிலோ வருகிறது, தனி பிரேக் கிடையாது. அடிவாரம் வழியாக ஏற்காடு ஏற என் கார் தாங்குமா?
— வாசகர், கன்னங்குறிச்சி

ப: தம்பி, எல்லாரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். ஏற முடியாவிட்டால் வண்டி நிற்கும், நாலு பேர் சிரிப்பார்கள். இறங்குவதைப் பற்றிக் கேளுங்கள்.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறக்குறைய 1,500. அந்த 1,200 மீட்டரையும் இறங்கும்போது யாராவது தாங்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லரின் எடையும் சேர்ந்து உங்கள் காரின் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில், சில இடத்தில் அதற்கும் கீழே, எஞ்சின் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். விட்டு விட்டு மிதியுங்கள். தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம்.

உங்கள் கார் இழுக்கலாமா, எத்தனை கிலோ என்பது அதன் கையேட்டில் இருக்கும். இழுக்க வேண்டாம் என்று போட்டிருந்தால் பேச்சை அதோடு விடுங்கள். கொக்கி சேஸிஸில் போல்ட் ஆக வேண்டும், பம்பரில் அல்ல. இன்னொன்று, பலர் கவனிக்காதது: டிரெய்லர் வந்து உட்காரும் இரும்பு உருண்டையை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். 50 மி.மீ. ஒரு வகை. பழைய அமெரிக்க வகையில் 2 அங்குலம், அதாவது 50.8. அதிலேயே 1⅞ அங்குலமும் உண்டு, 47.6. சின்ன உருண்டையில் பெரிய கிண்ணம் மாட்டினாலும் உட்காரும், பள்ளத்தில் குதித்தால் கழன்றுவிடும். அதனால் கீழே சங்கிலி இரண்டும் குறுக்காக மாட்டியிருக்க வேண்டும்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, உங்கள் கணக்கில் 45 கிலோ, கொக்கியின் மேல் இறங்க வேண்டும். வீட்டில் எடை பார்க்கிற மெஷினைக் கட்டைமேல் வைத்து அளந்துவிடலாம். தண்ணீர் கேனையும் கேஸ் சிலிண்டரையும் பின்னால் அடுக்கினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பிரேக்கைக் குத்தாதீர்கள்.

கொண்டை ஊசிகள் இருபது. டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வளைவைக் கொஞ்சம் தாமதமாக, அகலமாக எடுக்க வேண்டும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அதைப் பழக முடியாது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் புறப்படுங்கள். அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கை வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் ஏறலாம். கை வைக்க முடியவில்லை என்றால் பேரிங் சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடுங்கள். மழை என்றால் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அந்த மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது.

கே: ஏரி ஓரம், காட்டு ஓரம் என்று பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமா? ராத்திரிக் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா?
— வாசகி, சூரமங்கலம்

ப: இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாலும் கூடாது. கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இன்னொரு கம்பளி எடுத்துப் போங்கள்.

இடம் பற்றி: காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. கோடையில் ஒரு தீப்பொறி போதும், மலையே எரியும். தெரிந்தவர் தோட்டம்தான் நல்லது, அதிலும் காலம் பார்த்துக் கேளுங்கள். பழம் பறிக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை தோட்டக்காரருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் நிறுத்த வேண்டாம், காற்றில் கிளை முறிந்து விழும். சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகே காரிலிருந்து கழற்றுங்கள். ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுங்கள். நான்கு மூலைக் கால்களும் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல.

காலையில் பனி ஈரத்தோடு மடித்துக்கொண்டு இறங்க வேண்டி வரும். வீட்டுக்கு வந்த அன்றே மாடியில் விரித்துவிடுங்கள், துணி மொறமொறவென்று காய்ந்த பிறகு மூடுங்கள். மாடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசி வைக்கலாம்.