திட்டுறது கோச்சிங் இல்ல சார்

கேள்வி: சின்ன வயசுல கிரிக்கெட் சொல்லிக்கொடுத்த கோச் அச்ரேக்கர் தன்னை ஒரு தடவைகூட 'நல்லா ஆடினே'ன்னு பாராட்டினதில்லைன்னு சச்சினே சொல்லியிருக்கார். அந்தக் கண்டிப்பு இப்போ ஸ்கூல் வாத்தியாருங்ககிட்ட இல்லாததாலதானே பசங்க உருப்படாம போறாங்க? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: 2013ல ரிட்டயர் ஆனப்போ வான்கடே மைதானத்துல சச்சின் பேசின பேச்சைப் பாதிதான் கேட்டிருக்கீங்க. மீதிப் பாதில ஸ்கூட்டர் வருது. காலைல சிவாஜி பார்க்ல ஒரு மேட்ச், அது முடிஞ்சதும் பையனைப் பின்னாடி உக்கார வெச்சு ஆசாத் மைதானத்துல இன்னொரு மேட்ச்னு மும்பை பூரா சுத்தின மனுஷன் அச்ரேக்கர், ஸ்டம்ப் மேல ஒரு ரூபா காசை வெச்சு அவுட் ஆக்குறவனுக்கு இது, ஆகலேன்னா சச்சினுக்குன்னு சொல்வாராம். அப்படி ஜெயிச்ச காசு 13, சச்சின் இன்னும் பத்திரமா வெச்சிருக்கார். நீங்க அந்த ஸ்கூட்டரை விட்டுட்டு முறைப்பை மட்டும் எடுத்துக்கிட்டீங்க.

அமெரிக்காவுல ஜான் வுடன்னு ஒரு பாஸ்கெட்பால் கோச். யூசிஎல்ஏங்கிற யுனிவர்சிட்டியோட டீமுக்கு 12 வருஷத்துல 10 தடவை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், அதுக்கு முன்னாடி ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியாராவும் இருந்தவர். 1974-75ல ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க அவரோட ப்ராக்டிஸ்ல போய் உக்காந்து அவர் வாயத் தொறக்கிறப்பல்லாம் நோட்டுல குறிச்சாங்க. மொத்தம் 2,326 குறிப்பு. பாராட்டு சுமார் 7 சதவீதம், அதிருப்தியும் கிட்டத்தட்ட அவ்ளோதான், முக்கால்வாசி வெறும் விஷயம்: காலை இப்படி வை, பந்தை இப்படி வாங்கு. ஒருத்தன் தப்பு பண்ணா சரியா பண்ணிக் காட்டுவார், அவன் பண்ண மாதிரி பண்ணிக் காட்டுவார், திரும்ப சரியா பண்ணிக் காட்டுவார், எல்லாம் சேர்த்தே மூணு செகண்டுதான். சீசனோட முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது சாக்ஸ் போடுறது எப்படின்னு! (சாக்ஸ் சுருங்கினா கால்ல கொப்புளம், கொப்புளம் வந்தா ப்ராக்டிஸ் போச்சு.)

எனக்கு ரெண்டு கணக்கு வாத்தியாருங்க. ஒருத்தர் பரீட்சை முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு பேப்பரை மூஞ்சில விட்டெறிவார், எதுக்கு மார்க் போச்சுன்னு பாக்கறதுக்குள்ள அந்தப் பாடமே மறந்து போயிருக்கும். இன்னொருத்தர் கணக்கு போடப் போட பெஞ்சு பக்கத்துலயே நிப்பார், பேசவே மாட்டார், தப்பு வந்த வரியில சாக்பீஸ் ஒட்டின விரல் வந்து நிக்கும். "இந்த மைனஸ் எங்கடா போச்சு?" அவ்ளோதான். அவரும் என்னைப் பாராட்டினதா ஞாபகம் இல்ல, ஆனா நான் பாஸானது அந்த விரலாலதான்.

உங்க வீட்டுப் பையனோட கடைசி டெஸ்ட் பேப்பரை இன்னைக்கு வாங்கிப் பாருங்க. எந்த வரியில தப்பாச்சுன்னு குறிச்சிருக்கா, இல்ல மேல ஒரு செகப்பு மார்க் மட்டும்தான் இருக்கா? பாத்துட்டு எழுதுங்க, கண்டிப்பு பத்தி அப்புறம் பேசலாம்.