மனைவிக்கு சிபிலிஸ் என்றால் கணவருக்கும் சிகிச்சை தேவையா?

காரைக்குடியில் கர்ப்பகாலப் பரிசோதனையின்போது மனைவிக்கு உடலுறவு வழி பரவும் சிபிலிஸ் தொற்று உறுதியான நிலையில், எந்தத் தொந்தரவும் இல்லாத தாங்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வேண்டும். சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும் என்றாலும், கிருமி உடலில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும், கருவிலுள்ள குழந்தைக்கும் பரவும். தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி ஒரு முறை போதுமானது. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால், வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள் தேவைப்படும். கர்ப்பிணிகளுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை இருந்தாலும், மருத்துவமனையில் வைத்துப் படிப்படியாக உடலைப் பழக்கி அதையே கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் குணமானால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும் என்பதால், இருவரின் சிகிச்சையும் முடியும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது; அந்த வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இருவரும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் எனப்படும் ஆலோசனை, பரிசோதனை மையத்தில் அது இலவசம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் ரகசியத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது. பங்காளிகள் நிறைந்த ஊரில் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால், சிவகங்கைக்கோ மதுரைக்கோ செல்லலாம். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.