ஆஸ்துமா இருப்பவருக்கு ஏஆர்டிஎஸ் வரும் வாய்ப்பு அதிகமா?

"அப்பாவுக்கு 64 வயது, பல வருட ஆஸ்துமா, அவருக்கு ஏஆர்டிஎஸ் வருமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஆர்டிஎஸ் (Acute Respiratory Distress Syndrome) என்பது நுரையீரலில் நீர் கோத்து, திடீரென்று கடுமையாக மூச்சுத் திணறும் நிலை. ஆஸ்துமா இருக்கிறது என்பதற்காக மட்டும் வராது. நான் ஐசியூவில் வேலை பார்க்கிறேன், அங்கே ஏஆர்டிஎஸ்ஸோடு கிடப்பவர்களில் பலருக்கு அதுவரை நுரையீரலில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது.

இது தானாக வருகிற நோய் இல்லை. உடம்புக்கு வேறொரு பெரிய பாதிப்பு வந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், நுரையீரலின் காற்றுப்பைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும், பைகளில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஆக்சிஜன் வைத்தாலும் ரத்தத்தில் ஏறாது. ஆகவே அந்த முதல் பாதிப்பு என்ன என்பதுதான் முக்கியம்.

முதலிடம் நிமோனியாவுக்கு. 50 நாடுகளின் ஐசியூக்களில் நடந்து 2016-ல் வெளியான லங் சேஃப் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதுதான் காரணம். அடுத்தது செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. வீட்டார் நம்ப மறுப்பதும் இதைத்தான். கிருமி சிறுநீர்ப்பாதையில் இருக்கும், நெஞ்சில் ஒன்றுமே இருக்காது, பிறகு எப்படி நுரையீரல் கெடும் என்பார்கள். உடம்பைச் சுற்றிவரும் ரத்தம் முழுவதும் நுரையீரலைக் கடந்துதான் போயாக வேண்டும், அதில் கலந்துவரும் அழற்சிப் பொருட்கள் அங்கேயுள்ள மெல்லிய குழாய்களைப் புண்ணாக்கிவிடுகின்றன. கடுமையான கணைய அழற்சியிலும் இதே கதைதான். மற்றபடி வாந்தி புரையேறி நுரையீரலுக்குள் போவது, தீப்புகை, நீரில் மூழ்கிப் பிழைத்தது, விபத்தில் பலத்த அடி, நிறைய ரத்தம் ஏற்றியது.

சரி, ஒரே மாதிரி நிமோனியா வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது? நீண்டநாள் குடிப்பழக்கம் பெரிய காரணம், அது நுரையீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருளைக் குறைத்துவிடுகிறது. ஈரல்தானே கெடும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். சிகரெட்டும் அப்படித்தான், பக்கத்தில் நின்று புகையைச் சுவாசிப்பவருக்கும் சேர்த்து. வயதும் சேர்ந்துகொள்ளும். விசித்திரம் என்னவென்றால், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஏஆர்டிஎஸ் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக யாரும் சந்தோஷப்பட வேண்டாம், கிருமித்தொற்றே அவர்களுக்கு அதிகம்.

உங்கள் அப்பாவுக்கு இன்ஹேலரை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள் பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு மூச்சு வேகமாகி, இன்ஹேலர் போட்டும் அடங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.