கேளுங்கள்… சொல்கிறேன்

கே: தலைவர்கள் மீது விசாரணைக் கமிஷன் போடுகிறார்கள். அறிக்கை மட்டும் நம் கண்ணில் படுவதே இல்லையே?
– வாசகர், காரைக்குடி

ப: 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி, அறிக்கை வந்து ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சபையில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால்? அதற்குத் தண்டனை எதையும் சட்டம் சொல்லவில்லை!

சபைக்கு வந்தாலும் தப்பிக்கும் என்பதற்கில்லை. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்க 1977-ல் ஜனதா அரசு ஷா கமிஷனை அமைத்தது. டெல்லி பாட்டியாலா ஹவுஸில் ஊரறிய விசாரணை. ஆஜரான இந்திரா காந்தி, சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல மறுத்தார். 1978-ல் மூன்று தவணைகளாக அறிக்கை வந்தது. 1980-ல் அவரே மறுபடி பிரதமர். அதன்பின் பிரதிகள் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. அரசே திரட்டி ஒழித்துவிட்டது என்று அப்போது பலமான பேச்சு. நம்மூர் முன்னாள் எம்.பி. இரா. செழியன் தன்னிடம் பத்திரமாக இருந்த பிரதியை 2010-ல் புத்தகமாக்கினார். அரசு செய்திருக்க வேண்டிய வேலை! பழைய பேப்பர்காரருக்கு எதையும் போடாத மனிதர்களை வீட்டில் திட்டாதீர்கள்.

கே: ஜெயலலிதா மரண விசாரணை அறிக்கை வெளியானதே?
– அதே வாசகர்

ப: ஆனது. 2017 செப்டம்பரில் ஆறுமுகசாமி ஆணையத்துக்குக் கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அறிக்கை முதல்வர் கைக்கு வந்தது 2022 ஆகஸ்டில், சட்டமன்றத்துக்கு அக்டோபரில். இடையில் உச்ச நீதிமன்றத் தடை வேறு. சபைக்கு வர எடுத்த இரண்டு மாதத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.