பஞ்சம் கொன்ற ஆமைகளா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு மொரீஷியஸ் போயிருந்தோம். ஒரு பூங்காவில் ராட்சத ஆமைகளுக்கு என் மகள் இலை ஊட்டினாள். "இவை இந்தத் தீவின் ஆமைகள் இல்லை, அந்த இனங்கள் எப்போதோ அழிந்துவிட்டன" என்றார் வழிகாட்டி. ஓடவும் தெரியாது, எதிர்க்கவும் தெரியாது. மனிதன் வராவிட்டாலும் ஏதோ ஒரு பஞ்சத்தில் அவை தாமாகவே அழிந்திருக்கும் அல்லவா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வழிகாட்டி சொன்னது சரி. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் சேஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா பவளத்தீவு ஆமைகளின் வம்சமாக இருக்கும். மொரீஷியஸிலும், இந்தியப் பெருங்கடலில் அதை அடுத்துள்ள ரீயூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளிலும் ஐந்து இன ராட்சத ஆமைகள் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. ஆனால் தாமாகவே அழிந்திருக்கும் என்பதை அவற்றின் எலும்புகளே மறுக்கின்றன.

மொரீஷியஸின் தென்கிழக்கில் மார் ஓ சோஞ்ஜ் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. சோஞ்ஜ் என்றால் அங்கே சேம்பு. நம் ஊராக இருந்தால் சேம்புக்குளம் என்றிருப்போம். 1865-ல், அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவின் எலும்புகள் கிடைத்ததால் புகழ்பெற்ற இடம். ஆனால் அங்கே குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி ஆமை எலும்புகள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சி வந்தபோது, தண்ணீர் தேடி விலங்குகள் இந்தக் குளத்தில் கூடியிருக்கின்றன. நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது, கழிவு சேர்ந்தது, நச்சுப்பாசி படர்ந்தது. தாகத்தோடு வந்தவை கூட்டம் கூட்டமாக அங்கேயே செத்தன.

நீங்கள் சொல்லும் பஞ்சம் வந்துதான் போனது. அதற்குப் பிறகும் ஆமைகள் இருந்தன. 1598-ல் டச்சுக்காரர்கள் மொரீஷியஸில் இறங்கியபோதும் இருந்தன. 1691-ல் ரோட்ரிக்ஸில் இறங்கிய பிரெஞ்சுப் பயணி பிரான்சுவா லெகுவா, இரண்டாயிரம் மூவாயிரம் ஆமைகள் மந்தையாக நின்றதையும், தரையில் கால் படாமல் அவற்றின் முதுகின்மேலேயே நூறு தப்படிக்கு மேல் நடந்து போகலாம் என்றும் எழுதியிருக்கிறார். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்று. பழைய எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவை 2019-ல் ஆராய்ந்தபோது, அழிந்துபோன இந்த ஐந்து இனங்களின் வம்சம் மற்ற ஆமைகளிடமிருந்து பிரிந்து 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது. மொரீஷியஸ் தீவு தோன்றியே ஒரு கோடி ஆண்டு ஆகவில்லை! இன்று கடலுக்கடியில் கிடக்கும் பழைய தீவுகளில் வாழ்ந்து, அவை மூழ்க மூழ்க அடுத்த தீவுக்கு மிதந்து வந்திருக்க வேண்டும். இதைப் பலவீனமான பிராணி என்று எப்படிச் சொல்வது?

இந்த ஆமைகளின் முதுகு ஓடு மெலிந்தது, அதன் முன்பக்கம் அகலத் திறந்தது என்பது உண்மை. கடித்துத் தின்ன எதிரியே இல்லாத தீவில் கனத்த ஓட்டைச் சுமந்து என்ன பயன்? அப்புறம் கப்பல்கள் வந்தன. மாதக்கணக்கில் தீனி இல்லாமல் உயிரோடு கிடக்கும் என்பதால் இறைச்சிக்காக ஆமைகளை அள்ளிப் போனார்கள். ரோட்ரிக்ஸிலிருந்து ஆயிரக்கணக்கில் மொரீஷியஸுக்கு ஏற்றினார்கள். கூடவே வந்த பன்றியும் எலியும் முட்டையையும் குஞ்சையும் தின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கதை முடிந்தது.

ஆமைகள் போனதும் காட்டில் விதை பரப்ப ஆளில்லை. மொரீஷியஸ் கரையோரம் இல் ஓ எக்ரெட் என்ற குட்டித் தீவில், வெட்டித் தீர்த்த கருங்காலி மரங்கள் திரும்ப முளைத்துப் பரவவில்லை. 2000-ல் அங்கே அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று சாணமிட்ட இடங்களில், தாய்மரம் இல்லாத வெட்டவெளியிலும் இப்போது கன்றுகள் நிற்கின்றன.